பாதி நின்றதும் முழுதாகக் கேட்ட தாளம்

துபாயில் அல் கூஸ் கிடங்குகளைத் தாண்டி சத்வா பக்கம் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு ஸ்குரூ டிரைவர். ஸ்குரூ டிரைவர் கம்பெனியுடையது. பாதி வழியில்தான் அது பையில் இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. குளிர்காலம், வெயில் சுடவில்லை. இரண்டு மணி நேரம் நடந்தால் அறைக்குப் போய்விடலாம்.

வேலை போய்விட்டது என்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. அதற்கு முன்பும் பல வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். என் தவறை என் மேலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதனால் கூட வேலை செய்த வாகீசனின் வேலை திரும்பக் கிடைத்ததா இல்லையா என்பது தெரியாமல் நடப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முதலாளி கடைசிவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒலி அமைக்கும் தம்பிமார்கள். நான் ஓய்வு பெற்று வந்த பிறகும் அவ்வப்போது போய் ஓரமாக நிற்பேன். அவர்கள் ஒரு சின்ன மைக்கை நடுவில் நிறுத்துகிறார்கள், மடிக்கணினி தானாகவே சத்தத்தைச் சரிசெய்துகொள்கிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சரிசெய்து முடித்ததும் நான் என் கைப்பேசியிலிருந்து ஒரு தாளத்தை ஓடவிட்டு மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பேன். பாட்டு இல்லாத வெறும் தாளம். "எங்க போனாலும் இத ஒண்ணையே போடுறீங்களே, இது என்ன அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். நம் ஒலி ஒளி அமைப்பாளர் சங்க மலரில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் பாதி. அறந்தாங்கியில் ஒரு மைக் செட் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு திருப்பூர், பிறகு மும்பைக் கப்பல்துறை. எந்த இடத்திலும் மூன்றாவது தீபாவளி பார்த்ததில்லை. முப்பத்தொரு வயதில் ஃப்ரீ விசாவில் துபாய் வந்தேன். காகிதத்தில் மட்டும் ஒரு கஃபீல், விசாவுக்குப் பொறுப்பேற்கும் அரபி, இருப்பார், வேலையை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஜெபல் அலியில் கண்டெய்னர் இறக்கும் வேலை கிடைத்தது. கேம்ப்பில் ஓர் அறையில் பன்னிரண்டு பேர். பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம்.

ஒருநாள் இறக்கிய கண்டெய்னரில் ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகள் வந்தன. எடுத்துப் போக வந்தவன் ஒல்லியான பையன். எனக்கு ஏழெட்டு வயது இளையவனாக இருப்பான். மற்ற கம்பெனிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இவன் வந்ததும் ஒரு பெட்டியின் மறுமுனையைத் தானே பிடித்தான். பேச்சைக் கேட்டதும் யாழ்ப்பாணம் என்று தெரிந்தது.

"இது மைக் செட்டா தம்பி?" என்றேன்.

"ஓமண்ணை. கொஞ்சம் பெரிய மைக் செட்."

நானும் மைக் செட்டில் இருந்தவன்தான் என்று சொன்னேன். அவன் என் கால்களைப் பார்த்தான். நிறைய நடப்பியளோ என்று கேட்டான். சிரித்துவிட்டேன். நடப்பதைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறேன் என்றேன். அந்த வாரமே அல் கூஸில் இருந்த அவன் கம்பெனிக்குப் போய்விட்டேன். மூன்று மாதம் பார்க்கிறேன், சரியாக இருந்தால் கம்பெனி விசா தருகிறேன் என்றார் முதலாளி. மும்பைக்காரர், எல்லாருக்கும் சேட்.

அந்தப் பையன்தான் வாகீசன். பதினாலு வயதில் லண்டன் போனவன். அங்கே பக்கத்து வீட்டில் ஜமைக்காக்காரக் குடும்பம். வீட்டுக்காரரும் அவர் தம்பிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செய்த பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மண்டபங்களில் பாட்டுப் போடுவார்கள். "பள்ளிக்கூடப் பையைப் போட்டிட்டுப் பெட்டி தூக்கப் போனனான் அண்ணை" என்பான். பத்து வருடம் கழித்து லண்டனில் அவனுக்கு இருக்க அனுமதி இல்லை என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கொழும்பிலிருந்து துபாய். கல்யாணமாகி ஒரு வருடம். மனைவியை அழைத்துக்கொள்ள விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தான். சத்வாவில் ஒரு தனி அறை பிடித்து, அவள் வருவதற்கு முன்பே ஒரு மிக்ஸியும் வாங்கி வைத்திருந்தான். அந்த விசா அவன் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் இது தெரியும், சேட்டுக்கும் தெரியும்.

அவன் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெட்டிகளை அடுக்கி வயர் கொடுத்து முடிக்கும்வரை எங்களோடு தூக்குவான். முடிந்ததும் கை கழுவுவான். மேசைக்குப் பின்னால் போய்த் துணி உறையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுப்பான். மேலே எழுத்து எதுவும் கிடையாது, மெழுகுப் பென்சிலில் ஒரு குறுக்குக் கோடு மட்டும். அது ஓடத் தொடங்கினால் யாரும் பேசக்கூடாது. யாராவது பேசினால் திட்ட மாட்டான். நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடுவான். இப்படி ஒருநாள் ஒன்பது முறை போட்டான். பத்தாவது முறை டீக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை.

தாளம் நான்கு கைத்தட்டலோடு தொடங்கும். பிறகு டிரம். எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அடி. அதற்கு அடியில் பேஸ் என்கிற கனத்த அடியொலி, இரண்டே ஸ்வரம். ஒன்று கூப்பிடுவது போல, மற்றது பதில் சொல்லாமல் திரும்பிப் பார்ப்பது போல. நடுநடுவே பொம்மைக் கடையில் கேட்பது மாதிரி ஒரு மெல்லிய சத்தம். அவ்வளவுதான். மூன்றரை நிமிடம் இதுவே ஓடும். முதல்முறை கேட்டபோது பாட்டுக்காரர் வரத் தாமதமாகிறது போலிருக்கிறது என்று காத்திருந்தேன்.

ஜமைக்காவில் ஒரு வீட்டின் பின்னறையில் யாரோ சின்னக் கீபோர்டில் தட்டிச் செய்தது என்று வாகீசன் சொன்னான். நாங்கள் கேட்கும்போதே அது பழைய சரக்கு. ஆனால் அதன்மேல் பாடியவர்கள் ஏராளம் என்றான். ஒருவர் காதலைப் பாடுவார், அடுத்தவர் விலைவாசியை, அதற்கடுத்த பெண் இருவரையும் கேலி செய்வார். எல்லோருக்கும் அடியில் இதே டிரம், இதே பேஸ்.

எனக்கு இது உடனே புரிந்தது. தேர்தல் நேரத்தில் மைக் செட் கடையில் ஒரே மெட்டுக்கு மூன்று கட்சிப் பாட்டு வரும். ஆனால் நம்மிடம் மெட்டு நிற்கும், வார்த்தை மாறும். அவர்களிடம் வார்த்தையும் மாறும், மெட்டும் மாறும், பாடும் ஆளும் மாறுவார். தரை மட்டும் மாறாது. எட்டுப் பேர் வரிசையாக வந்து ஒரே மனையில் எட்டு வீடு கட்டினது மாதிரி.

இதை ஏன் சோதிக்கப் போடுகிறாய் என்று கேட்டேன். மற்றப் பாட்டில் வயலின் இருக்கும், குரல் இருக்கும், அதெல்லாம் ஓட்டையை மூடிவிடும் என்றான். இதில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. மண்டபத்தில் எதிரொலி இருந்தால் அந்த வெற்றிடத்தில் வந்து விழும். கைத்தட்டல் இரண்டாகக் கேட்டால் பின்சுவர் பேசுகிறது. பேஸ் எங்கே குறைகிறது என்பது நெஞ்செலும்பில் தெரியும்.

அதற்குத்தான் நான். என் வேலைக்குப் பெயரே நடை. தாளம் ஓடும்போது இடது பெட்டியிலிருந்து வலது பெட்டிவரை, முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை என்று கோடு போட்டது போல நடக்க வேண்டும். இடது கை நெஞ்சில். வலது கையால் சைகை. பேஸ் இறங்கினால் கை கீழே, ஏறினால் மேலே, சரி என்றால் விரித்த உள்ளங்கை. வாகீசன் மேசையிலிருந்து பார்த்துக் குமிழைத் திருப்புவான். பிறகு, "அண்ணை, இன்னொருக்கா நடவுங்கோ." எத்தனை முறை நடந்தாலும் அந்த 'ங்கோ' குறையாது. என்னை வேலை வாங்கியவர்களில் அண்ணை என்று கூப்பிட்டு வேலை வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

இரண்டரை மாதம் கழித்து அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

துபாயில் வேலை செய்யும் வெஸ்ட் இண்டீஸ்காரர்களின் குடும்ப விழா. நர்சுகள், ஆசிரியர்கள், எண்ணெய்க் கம்பெனி என்ஜினீயர்கள். நம் ஊர்க்காரர்களுக்கு வெஸ்ட் இண்டீஸ் என்றால் கிரிக்கெட்தான். அவர்களில் வயதான ஒருவரிடம் நான் அதைத்தான் பேசினேன். அவர் பந்து போடுவது போலக் கையைச் சுழற்றிக் காட்டினார். பகல் விருந்து, மூன்று மணிக்குப் பாட்டு, ஒரு கிளப்பின் புல்வெளியில். பாட ஜமைக்காவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாத்தியக்காரர்கள் யாரும் இல்லை, ஒரு தோள்பையும் டிஸ்க்குகளும்தான். வாகீசனின் தாளத்தில் ஒரு முழு மணி நேரம் பாடப் போகிறார் என்று தெரிந்ததும் வாகீசன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இந்தத் தாளத்தை அந்த ஊர் மனிதருக்கே நாங்கள் போட்டுக் காட்டப் போகிறோம் என்றான். இது நன்றாக நடந்தால் வருடம் முழுவதும் நமக்கே வேலை தருவார்கள் என்று சேட்டும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பதினொரு மணிக்குச் சோதனை முடிந்தது. நான்கு முறை நடந்தேன். புல்வெளி முழுக்க விரித்த உள்ளங்கை.

ஒன்றரைக்குச் சாப்பாட்டு வேன் ஒன்று மேடைக்குப் பின்னால் ரிவர்ஸ் எடுத்தது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் மேடையின் இடப்பக்கம். அங்கிருந்து வலப்பக்கத்துப் பேஸ் பெட்டிகளுக்குப் போகும் தடித்த கேபிள் அதன் டயரில் நசுங்கிவிட்டது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். நசுங்கிய முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, கையிலிருந்த ஒரு துண்டு வயரைப் போட்டு இரண்டு பக்கமும் முறுக்கி டேப் சுற்றினேன். பத்து நிமிட வேலை.

அந்தத் துண்டு வயரில் இரண்டு கம்பியும் ஒரே கறுப்பு. ஒன்றின் முதுகில் மட்டும் மெல்லிய வரி ஓடும். எது எதோடு சேர வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மைக் செட்டில் குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்தில் கட்டுவோம், இரண்டு கம்பியில் எதை எங்கே கொடுத்தாலும் பேசும். அடுத்த குழாய் அடுத்த தெருவில் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று பகை வராது. இரண்டு வருடத்தில் என் விரல்கள் கற்றுக்கொண்டது அது.

வாகீசன் தூரத்திலிருந்து, "சரியோ அண்ணை?" என்றான்.

"பேசுது தம்பி," என்றேன்.

வெட்டி ஒட்டினேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி போட்டு நடக்கச் சொல்லியிருப்பான். ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். சேட் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கம்பெனி விசா கிடைக்க இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

மூன்று மணிக்குத் தாளம் தொடங்கியது. நான்கு கைத்தட்டல். கூட்டம் ஓவென்று எழுந்து நடுவே வந்தது. பாட்டுக்காரர் முதல் பாட்டை எடுத்தார். முதல் நிமிடத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, ஆடுபவர்களுக்கும். கைத்தட்டல் ஊசி மாதிரி கேட்கிறது, குரல் கேட்கிறது, அடியில் தரையைக் காணவில்லை. ஆடுபவர்கள் தங்களை அறியாமலே நகர ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் இடது பக்கம், பாதிப் பேர் வலது பக்கம். பத்து நிமிடத்தில் புல்வெளி நடுவே தேருக்கு விட்டது போல ஒரு வெற்றுப் பாதை. அந்தப் பாதையின் கடைசியில் வாகீசனின் மேசை.

அங்கே உட்கார்ந்திருந்தவனுக்குப் பேஸே கேட்கவில்லை. ஏற்றினான். பாதையில் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஏற்றினான். இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். நான் நடந்து பார்த்தேன். ஓரத்தில் கை மேலே, நடுவில் கை கீழே. பாட்டுக்காரர் பாடிக்கொண்டே தன் நெஞ்சைத் தட்டி, இங்கே ஒன்றும் இல்லையே என்பது போல வாகீசனைப் பார்த்துக் கையை விரித்தார். சேட் எழுந்து நின்றார்.

மூன்றாவது பாட்டில் மேடைப் பக்கமிருந்து ஒரு கருகல் வாடை. வலப்பக்க பேஸ் ஆம்ப் நின்றுவிட்டது. அந்த நிமிடம் நடந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பேஸ் வந்துவிட்டது.

பாதிப் பெட்டிகள் செத்துவிட்டன, புல்வெளி நடுவே தரை முளைத்துவிட்டது. வெற்றுப் பாதை இரண்டு பக்கமிருந்தும் மூடிக்கொண்டது. பாட்டுக்காரர் கண்ணை மூடிச் சிரித்தார். தாளத்தை நிறுத்தவே விடவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது, அதே தாளத்தில். பிறகு மைக்கைக் கீழே நீட்டினார். உடம்பு பெருத்த ஒரு நர்ஸ் அம்மா வாங்கித் தன் வார்டு கதையை அதே தாளத்தில் பாடினார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஓர் என்ஜினீயர். பிறகு அவர் மாமியார். எத்தனை பேர் ஏறினாலும் அந்தத் தாளம் தாங்கியது. கடைசியில் பாட்டுக்காரர் வாகீசனிடம் வந்து, பாதிப் பெட்டியிலேயே இப்படி என்றால் முழுப் பெட்டியில் எப்படி இருக்கும் என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார். வாகீசன் தலையைக் குனிந்துகொண்டான்.

சேட்டுக்குக் கருகிய ஆம்ப்தான் கணக்கு. சனிக்கிழமை காலை கூப்பிட்டு, குருட்டுத்தனமாக ஏற்றி எரித்துவிட்டாய், இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாகீசன் வாதாடவில்லை. ஏன் அப்படி ஆனது என்று அவனுக்கே தெரியாதபோது எதைச் சொல்வான்? கிடங்குக்கு வந்து ஹெட்ஃபோனையும் துணி உறையையும் எடுத்துக்கொண்டான். "வாறன் அண்ணை" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாதி செத்ததும் எப்படி முழுதாகக் கேட்கும் என்பது மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. என் ஒட்டு கையில் வந்தது. டேப்பைப் பிரித்தேன். ஒரு முனையில் மட்டும் வரி போட்ட கம்பி போகக்கூடாத பக்கம் போயிருந்தது.

வாகீசன் பெட்டிகளைச் சோதிக்க ஒரு சின்ன பேட்டரி வைத்திருப்பான். கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் மாட்டி, மறுமுனையின் இரண்டு கம்பியிலும் பேட்டரியைத் தொட்டால் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னே தள்ள வேண்டும். இடப்பக்கக் கேபிளில் தொட்டேன், கூம்பு முன்னே வந்தது. என் கேபிளில் தொட்டேன், உள்ளே போனது. இடது பக்கம் காற்றைத் தள்ள, வலது பக்கம் அதே நேரத்தில் இழுத்திருக்கிறது. இரண்டும் சம தூரத்தில் சந்திக்கும் நடுப்பாதையில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. அதைத்தான் அவன் ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறான்.

கால் மணி நேரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அந்த முழம் வயரை வெட்டிக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு வாரத்தில் என் விசா வரும். இதையெல்லாம் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு கேபிளையும் பேட்டரியையும் ஒரு பெட்டியையும் தள்ளுவண்டியில் வைத்துச் சேட் அறைக்குத் தள்ளிப் போனேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார். செய்து காட்டினேன். கூம்பு உள்ளே போனதை மூன்று முறை பார்த்தார். யார் ஒட்டியது என்றார். நான் என்றேன். அவனிடம் சொன்னாயா என்றார். சொல்லவில்லை என்றேன்.

"கலாஸ், முடிஞ்சது. நீ கிளம்பு," என்றார் அரபியும் இந்தியும் கலந்து.

வாகீசனைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். டெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைக் காட்டினார். அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்தேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் வளைகுடாவில் இதே தொழிலில் இருந்தேன். எந்த ஊரிலும் மூன்று தீபாவளி பார்க்காதவன் ஒரு தொழிலில் மட்டும் நிலைத்தேன். தோஹாவின் நஜ்மா பகுதியில் அறை எடுத்துத் தங்கிய வருடங்களில் பள்ளிக்கூட அரங்குகளுக்கு ஒலி அமைத்தேன். ஒரு பொங்கல் விழாவில், கடவுள் வாழ்த்துக்கு முன்னால் இது என்ன டம் டம் என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். மூன்றரை நிமிடம் பொறுங்கள் என்றேன். பிறகு அவர் மகள் பாடியது கடைசி வரிசைவரை கேட்டது. சமாதானமாகிவிட்டார். சவுதியின் ஜுபைலில் பாட்டுக் கச்சேரிக்கு வழியில்லை. தொழிற்சாலை உணவுக் கூடத்தில் பாதுகாப்பு அறிவிப்புச் சொல்லும் ஒலிபெருக்கிகள். அதற்கும் அந்தத் தாளத்தைத்தான் ஓட்டினேன். அறிவிப்பு புரியாமல் போனால் அங்கே கை போகும், கால் போகும். அதனால் கூடுதலாக ஒருமுறை நடந்தேன்.

காது பழகிவிட்டால் அந்த மூன்று, மூன்று, இரண்டு எங்கும் வந்துவிடுகிறது. அரபுப் பையன்களின் காரிலிருந்து, பிலிப்பைன்ஸ் பாண்டுக்காரர்களின் மேடையிலிருந்து, டாக்ஸியில் ஓடும் நம் சினிமாப் பாட்டிலிருந்து. போட்டவர்களுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது. பின்னறையில் கீபோர்டு தட்டிய அந்த மனிதருக்கும் அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாலை மக்ரிப் பாங்கு சொல்லும்போது அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் வாகீசன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"ஏன் அண்ணை அவரிட்டப் போய்ச் சொன்னனீங்கள்? முதல்ல எனக்கெல்லோ சொல்லியிருக்கோணும்?"

"நீதான் போயிட்டியே தம்பி. வேலை அவருகிட்டதானே இருக்கு."

"வேலையைச் சொல்லேல்ல. ஏன் எண்டு தெரியாமல் காலமையிலிருந்து கிறுக்கன் மாதிரி ரோட்டில நடந்து திரிஞ்சனான். எனக்குத் தொழிலே தெரியாது எண்டு நினைச்சிட்டன். விளங்குதோ?"

விளங்கியது. விசாவைவிட அதுதான் அவனைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பயந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன், தப்புதான் என்றேன். பிறகு பாயில் உட்கார்ந்தான்.

"பேட்டரி வைச்சுப் பாக்கிறது என்ர வேலை அண்ணை. வேன் ஏறினதை நானும் கண்டனான். உங்கட கையை நம்பி விட்டிட்டன். அதையும் சேட்டிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

சேட் அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு விழா இருக்கிறது, வேறு ஆள் இல்லை. விசா மனுவும் அப்படியே இருக்கிறது. இதைச் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முயன்றான், முடியவில்லை. என் அறைத்தோழர் மன்னார்குடி செல்வராசு உள்ளேயிருந்து, "மிக்ஸிக்கு வேலை வந்துருச்சுன்னு சொல்லுங்க," என்றார்.

"உங்களைப் பற்றி ரெண்டு தரம் கேட்டனான் அண்ணை. மாட்டன் எண்டிட்டார். மூண்டாந்தரம் கேக்கேல்ல. கேட்டிருந்தால் என்னையும் போ எண்டிருப்பார். அதை உங்களுக்குச் சொல்லாமல் விடக்கூடாது எண்டுதான் நேர வந்தனான்."

கேட்காததே சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போகும்போது ஒரு காகிதத்தில் ஷார்ஜா தொழிற்பேட்டை விலாசம் எழுதிக் கொடுத்தான். நாளைக்கு விடிய ஆறு மணிக்கு அங்கே நில்லுங்கோ, நான் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறேன் என்றான்.

மறுநாள் ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே நின்றேன். தகரக் கூரை போட்ட பட்டறை. பிளைவுட் தூளும் பசை வாடையும். பேஸ் பெட்டிகள் செய்யும் இடம். நடத்துபவர் திருச்சூர்க்காரர் ஆன்டப்பன், எல்லாருக்கும் சேட்டன், மலையாளத்தில் அண்ணன். இடுப்பில் கைலி, காதில் பென்சில். செய்துகொண்டிருந்தது எட்டுப் பெட்டி. வியாழக்கிழமைக்குள் அல் கூஸுக்குப் போக வேண்டும். எங்கள் சேட்டின் ஆர்டர். இவற்றைத்தான் வாகீசன் வெள்ளிக்கிழமை அடுக்கப் போகிறான்.

ஏன் அங்கிருந்து வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஆம்ப்பை ஒரு பெட்டியோடு இணைத்து ஒரே ஒரு தடித்த ஸ்வரத்தை ஓடவிட்டார். பெட்டி உறுமியது. பலகை இணைப்பில் எங்காவது மயிரளவு சந்து இருந்தாலும் அங்கே காற்று கசியும், பேஸ் பாதி அதிலேயே போய்விடும், அதைக் கண்டுபிடிக்கணும் என்றார். உள்ளங்கையை ஓரமாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கையை இழுத்துப் பார்த்தார். ஜெபல் அலியில் காய்த்த கை.

"இது கையல்ல மோனே, செருப்பு. கன்னத்த வெச்சு நோக்கு."

மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையோடு வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். முதல் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் கீழ் மூலையில், காதுக்குப் பக்கத்தில், யாரோ மெதுவாக ஊதியது போல ஒரு குளிர்ந்த இழை பட்டது.

"இங்க வருது சேட்டா," என்றேன்.

அவர் பசை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.